பாதி அட்டை போதும்

மருந்துக் கடைக் கவுண்டருக்கு உள்ளே நிற்பவனுக்குத் தேதி பார்க்கக் காலண்டர் தேவையில்லை. மாதத்தின் முதல் பத்து நாள் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அட்டை அட்டையாகப் போகும். 15-ஆம் தேதியையொட்டி மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியதும் பெண்கள் வருவார்கள். 20 தாண்டிவிட்டால் கத்தரிக்கோலைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். "அண்ணாச்சி, முழு அட்டை வேண்டாம், அஞ்சு மட்டும் வெட்டிக் குடுங்க." 25-க்கு மேல் அந்த அஞ்சும் "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்று குறையும். மாதக் கடைசியில் சிலர் வரவே மாட்டார்கள். அப்படி வராதவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சொந்தக் கடை. பீடி சுற்றுகிறவர்கள், விவசாயக் கூலிகள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், பிள்ளைகளைச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் வயதானவர்கள், இவர்கள்தான் கடைக்கு வருகிறவர்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எப்படியாவது காசு புரட்டிவிடுவார்கள். நோய் தீர்ந்ததும் செலவும் தீர்ந்துவிடும். சுகர், பிரஷர், இதய நோய், வலிப்பு, மனநோய் இவற்றின் மருந்துச் செலவு அப்படி முடிவதில்லை. வீட்டு வாடகை மாதிரி அது மாதாமாதம் வந்து நிற்கிறது. வாடகை கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். மாத்திரை வாங்காவிட்டால் யாரும் தட்டுவதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஆச்சி சீட்டை நீட்டினார். டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு நேரே வந்திருந்தார். ஏழு மருந்து. பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, வயிற்று எரிச்சலுக்கு ஒன்று, கால்சியம், நரம்புக்குச் சத்து மாத்திரை. ஒரு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 1,700 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. ஆச்சிக்கு வருமானம் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு கேட்டார்: "இதுல எது முக்கியம்னு மட்டும் சொல்லு ராசா. அத வாங்கிக்கிடுதேன். மத்தத அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்."

இந்தக் கேள்வி வாரம் தவறாமல் யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது. பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை; எழுதிய டாக்டருக்குத்தான் உண்டு. ஆனால் டாக்டரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அன்று நான் ஆச்சியை உட்கார வைத்து டாக்டருக்கு போன் போட்டேன். நல்ல மனிதர். சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் நிறுத்திவிட்டு, மீதியை விலை குறைந்த தயாரிப்பில் கொடுக்கச் சொன்னார். 500 ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு நிமிடப் பேச்சு. எல்லா டாக்டரும் போன் எடுக்கும் நிலையில் இருப்பதில்லை, எல்லா நோயாளியும் கேள்வி கேட்பதும் இல்லை. பெரும்பாலும் அவர்களே முடிவு செய்கிறார்கள்.

எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். வலி மாத்திரையை விடமாட்டார்கள். கேஸ் மாத்திரையை விடமாட்டார்கள். தூக்க மாத்திரையை விடவே மாட்டார்கள். போட்டதும் உடம்பில் தெரிகிற மருந்துக்குக் காசு கொடுப்பது நியாயமாகத் தோன்றுகிறது. முதலில் விடுபடுவது கொழுப்பு மாத்திரை. அடுத்தது பிரஷர் மாத்திரை. கொழுப்பு வலிக்காது, பிரஷரும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஒரு வாரம் விட்டாலும் எதுவும் நடப்பதில்லை. "அது போடாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, அந்த வாரத்தில் அவர் நன்றாகத்தான் இருந்தார்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான். பில்லில் அதிகக் காசைத் தின்பது பல நேரம் சத்து மாத்திரையும், பளபளப்பான டப்பாவில் வரும் கேஸ் மாத்திரையும். உயிரைக் காக்கும் அம்லோடிபின் ஒரு மாத்திரை இரண்டு மூன்று ரூபாய்தான். சாதாரண மெட்ஃபார்மினும் அப்படித்தான். எது உயிர்மருந்து, எது உபரி என்று சீட்டில் எழுதியிருப்பதில்லை. ஏழும் ஒரே கையெழுத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றன. ஆகவே மிச்சம் பிடிக்கிறவர் தவறான இடத்தில் மிச்சம் பிடிக்கிறார், இரண்டு ரூபாய் மாத்திரையை விட்டுவிட்டு பன்னிரண்டு ரூபாய் மாத்திரையை வாங்கிப் போகிறார்.

மிச்சம் பிடிக்கும் வழிகளும் ஒன்றிரண்டு அல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு வேளை எழுதியதை ஒரு வேளை ஆக்குகிறவர்கள் உண்டு. மாத்திரையைப் பாதியாக உடைப்பவர்கள் நிறைய. நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரையை டாக்டர் சொல்லி உடைத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். போல, மருந்தை வயிற்றுக்குள் மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரைகளை இஷ்டத்துக்கு உடைக்கவோ நுணுக்கவோ கூடாது. அந்த மெதுவான வேகம் கெட்டு, மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் 20 யூனிட்டை 14 ஆக்கி, குப்பி தீரும் நாளைத் தள்ளிப் போடுகிறார்கள்.

ஒரு தம்பதி. இருவருக்கும் பிரஷர். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே மில்லிகிராம். அந்த அம்மா மட்டும்தான் கடைக்கு வருவார், மாதம் மூன்று அட்டை வாங்குவார். இருவருக்கு ஆறு அட்டை வேண்டுமே என்று ஒருநாள் கேட்டேன். "அவுக வேலைக்குப் போறவுக. அவுகளுக்குத்தான் தினம் வேணும். எனக்குத் தல சுத்துனா ஒண்ணு போட்டுக்கிடுவேன்" என்றார். வீட்டில் காசு குறையும்போது முதலில் யாருடைய மருந்து நிற்கும் என்று கேட்டால் எங்கள் ஊரில் எந்தக் கடைக்காரரும் தயங்காமல் பதில் சொல்வார். பிள்ளைக்கு நிற்காது. சம்பாதிக்கும் ஆணுக்குக் கடைசியில்தான் நிற்கும். அம்மாவுக்கு முதலில் நிற்கும். தனக்கு நின்றதை அந்த அம்மா யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

சொல்லாமல் இருப்பதிலிருந்து என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒருவர் பிரஷர் மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாள்தான் போடுகிறார். மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போகிறார். பிரஷர் 170 காட்டுகிறது. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்கிறார். பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் நர்ஸ் நிற்கிறார். அங்கே வைத்து "காசு இல்லை சார்" என்று எந்த மானமுள்ள மனிதர் சொல்வார்? "போடுதேன் சார்" என்றுதான் சொல்வார். டாக்டர் அதை நம்பினால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: இந்த மருந்து போதவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்து எழுதுவார். மருத்துவப்படி அது சரியான முடிவு. ஆனால் கைக்கு எட்டாத சீட்டு இன்னும் எட்டாததாகிவிட்டது. மாதம் 600 ரூபாய் கட்ட முடியாதவருக்கு இப்போது 900 ரூபாய். பதினைந்து நாள் போட்டவர் பத்து நாள் போடுகிறார். அடுத்த முறை பிரஷர் 180. மறுபடியும் ஒரு மருந்து கூடுகிறது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். டாக்டரிடம் போவதற்கு மூன்று நாள் முன்னால் மட்டும் கடனுக்கு வாங்கி ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போவார்கள். பிரஷர் நன்றாக இருக்கும். "நல்லா கன்ட்ரோல்ல இருக்கு, இதையே தொடருங்க" என்று டாக்டர் சந்தோஷப்படுவார். எதைத் தொடர்வது? இரண்டிலும் டாக்டரின் கையில் இருக்கும் தகவல் பொய். பொய்த் தகவலை வைத்துக்கொண்டு எவ்வளவு கெட்டிக்கார டாக்டராலும் சரியாக மருத்துவம் பார்க்க முடியாது. பக்கவாதம் வந்து விழுந்த பிறகு வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்: "மாத்திரை ஒழுங்கா போட மாட்டாக, சொன்னா கேக்க மாட்டாக." அவருடைய அலட்சியம் என்று கணக்கு முடிந்துவிடும். அவர் மாத்திரை அட்டையை எண்ணி, நாட்களை எண்ணி, எந்த நாளில் விடுவது என்று எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டார் என்பது எனக்குத் தெரியும். அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்பீர்கள். நம் நாட்டில் காப்புரிமை முடிந்த ஒரு மருந்தைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. உள்ளே இருக்கும் மூலப்பொருள் ஒன்று, பெயர் நூறு, விலை நூறு. டாக்டர் எழுதுவது அந்த நூறில் ஒரு பெயரை. அந்தப் பெயருக்குப் பதிலாக அதே மூலப்பொருளுள்ள இன்னொன்றை நானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆம் விதி அதைத் தடுக்கிறது. ஆகவே விலையைத் தேர்ந்தெடுப்பவர் அதைக் கொடுப்பவர் இல்லை. கொடுப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. தரம் உறுதியில்லாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கடைக்காரர் கைக்குப் போய்விடும் என்று டாக்டர்கள் எதிர்த்தார்கள். அதே மாதத்தில் விதி நிறுத்தி வைக்கப்பட்டது. டாக்டர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தரப் பரிசோதனையைப் பலப்படுத்தாமல் பெயரை மட்டும் மாற்றச் சொன்னால் அது பாதி வேலை.

என் தொழிலின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெனரிக் என்று கடைகளுக்கு நேரடியாக வரும் மருந்துகளில் பல, கொள்முதல் விலைக்கும் அட்டையில் அச்சிட்ட விலைக்கும் நடுவே பல மடங்கு இடைவெளியோடு வருகின்றன. அந்த இடைவெளியை நோயாளிக்குத் தள்ளுபடியாகக் கொடுப்பதும் கடைக்காரரே வைத்துக்கொள்வதும் அந்தந்தக் கடைக்காரரின் மனசைப் பொறுத்தது. மருந்து மலிவாகத் தயாராகிறது என்பதாலேயே நோயாளிக்கு மலிவாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினால் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

அரசின் விலைக் கட்டுப்பாடு இல்லையா என்றால் இருக்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013-ஆம் ஆண்டு ஆணைப்படி உச்ச விலை வைக்கிறார்கள். ஆனால் அந்த உச்ச விலை தயாரிப்புச் செலவை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்கு உள்ள தயாரிப்புகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, சில்லறை வியாபாரிக்கு 16 சதவீதம் சேர்த்து வைப்பது. ஏற்கெனவே விலை ஏறிக் கிடக்கும் சந்தையின் சராசரியும் ஏறியேதான் இருக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டெண்ணுக்கு ஏற்ப அது உயரலாம். 2022-ல் 10 சதவீதத்துக்கு மேல், 2023-ல் 12 சதவீதத்துக்கு மேல் உயர்த்திக்கொள்ள அனுமதி வந்தது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். முதியோர் உதவித்தொகை ஆண்டுதோறும் ஏறுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது உண்மையிலேயே உதவியது, அந்த வாரம் பில்லைப் பார்த்து முகம் மலர்ந்தவர்களை நான் பார்த்தேன்.

விலை இறங்கினால் என்ன நடக்கும் என்று கண்ணெதிரே பார்த்தது எம்பாக்ளிஃப்ளோசின் விஷயத்தில். சுகருக்கும் இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் கொடுக்கும் நல்ல மருந்து. 2025 மார்ச்சில் காப்புரிமை முடியும் வரை ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது. காப்புரிமை முடிந்ததும் இந்திய நிறுவனங்கள் வரிசையாக இறங்கின. சில தயாரிப்புகள் 10 ரூபாய்க்கும் கீழே வந்தன. அதுவரை அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், அந்த மாதம் மூன்று அட்டை சேர்த்து வாங்கினார். யாரும் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை. விலை இறங்கியது, அவ்வளவுதான்.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அந்தத் திட்டத்தால் இந்த ஊரில் எத்தனையோ பேர் உயிரோடு நடமாடுகிறார்கள், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அது அடிப்படையில் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கான திட்டம். தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைக்கக் காசு தரும். ஸ்டென்ட் வைத்த பிறகு அதை அடைபடாமல் காக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அவர் வெளியே கடையில் வாங்கினால் அது அவர் பாடு. லட்சக்கணக்கில் செலவழித்து வைத்த ஸ்டென்ட், மாதம் சில நூறு ரூபாய் இல்லாமல் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தால் மறுபடியும் லட்சம் தருவோம். மாத்திரைக்கு மட்டும் தரமாட்டோம் என்பதில் என்ன கணக்கு இருக்கிறது? தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2021-22-லும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கையிலிருந்தே போனது. அதில் பெரும்பங்கு மருந்துக்கு.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1981-ல் இந்த மாதிரி ஒரு மிச்சத்தைச் செய்து பார்த்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் ஒருவருக்கு மாதம் மூன்று மருந்துக்கு மேல் காசு தரமாட்டோம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அது 11 மாதம்தான் நீடித்தது. ஸ்டீபன் சூமராய் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் பின்னாளில் அந்தக் காலத்தை ஆராய்ந்தார்கள். பல மருந்துகள் சாப்பிட்டுவந்த முதியவர்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் போய்ச் சேரும் ஆபத்து, கட்டுப்பாடு இல்லாத நியூ ஜெர்சி மாநிலத்தவரோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கு மேல். கட்டுப்பாட்டை எடுத்ததும் அந்த ஆபத்து பழைய நிலைக்கு இறங்கியது. ஆனால் அதற்குள் இல்லத்துக்குப் போய்விட்டவர்கள் பெரும்பாலும் வீடு திரும்பவில்லை. மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி அவர்கள் செய்த இன்னொரு ஆய்வில், மருந்தில் அரசு மிச்சம் பிடித்ததைப் போல 17 மடங்கு அவசர மனநல சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவானதாகத் தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் மனநோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அந்த மருந்து பத்து நாள் நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

மருந்தைச் சும்மா கொடுத்தால் எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிடுவார்களா? அப்படி நான் சொல்லமாட்டேன். கனடாவின் ஒன்டாரியோவில், செலவு காரணமாக மருந்தை விட்டதாகச் சொன்ன 786 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு அத்தியாவசிய மருந்துகளை ஓராண்டு இலவசமாக அனுப்பினார்கள். இலவசமாகப் பெற்றவர்களில் 38.2 சதவீதம் பேர் மருந்துகளை ஒழுங்காக எடுத்தார்கள், மற்றவர்களில் 26.6 சதவீதம். கணிசமான முன்னேற்றம்தான். பிரஷர் மருந்து சாப்பிட்டவர்களின் ரத்த அழுத்தமும் இறங்கியது. ஆனாலும் இலவசமாகக் கிடைத்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒழுங்காக எடுக்கவில்லை. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 5,855 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்விலும், மருந்தை முழுக்க இலவசமாக்கியபோது ஒழுங்கு 4 முதல் 6 சதவீதப் புள்ளிகள்தான் உயர்ந்தது. மறதி, பக்க விளைவு, "மாத்திர பழகிரும்" என்ற பயம், நாட்டு மருந்துக்கு மாறுவது, அலுப்பு, இதெல்லாம் காசோடு சம்பந்தமில்லாத காரணங்கள். காசு தடையை எடுத்தால்தான் மற்றவற்றைப் பேசவே முடியும். வாங்க முடியாதவரிடம் மறதியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

நம் மாநிலத்தில் நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன, அதைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. மூலப்பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாதிரிகளைப் பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் போட்டு மருந்து கொடுக்கும் முறை. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் செய்தார்கள். இன்று ஜி.எச்.சில் வரிசையில் நின்று வாங்கும் பிரஷர் மாத்திரை, பல நேரம் என் கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே மூலப்பொருள்தான். "இலவச மாத்திரை கேக்காது" என்று சொல்கிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். என் வியாபாரம் குறைந்தாலும் குறையட்டும்.

ஆனால் மருந்து இலவசம் என்றாலும் அதை வாங்கப் போவது இலவசம் இல்லை. ஒரு நாள் கூலி போய்விடும். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானதிலிருந்து அந்தச் செலவாவது குறைந்தது; ஆண்களுக்கு அதுவும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சரியாக இந்த இடத்தைத் தொட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு முன் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், மாநிலத்தில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. அடுத்த கணக்கெடுப்பில் அது 17 சதவீதம் ஆனது. இரண்டு மடங்குக்கு மேல். அப்போதும் நூற்றில் எண்பத்து மூன்று பேர் வெளியேதான் நிற்கிறார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது.

எங்கள் தெருவில் வரும் தன்னார்வலர் பெண்ணை எனக்குத் தெரியும். வெயிலில் தோள்பையோடு நடப்பார். முன்பு சொன்னேனே, கணவருக்கு மட்டும் மாத்திரை வாங்கும் அம்மா, அவரை இந்தப் பெண்தான் பட்டியலில் சேர்த்தார். இப்போது அந்த வீட்டில் இருவரும் தினம் போடுகிறார்கள். அந்த அம்மா என் கடைக்கு இப்போதெல்லாம் தலைவலித் தைலம் வாங்க மட்டும்தான் வருகிறார். இந்தத் தன்னார்வலர்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை அவர்கள் செய்யும் வேலைக்குக் காணாது. அதை உயர்த்தினால் மருந்துக்குச் செலவழித்த காசு மாதிரியே பலன் தரும் என்பது என் எண்ணம்.

2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. இரண்டிலும் மருந்து மிக மலிவு. என் போன்ற கடைக்காரர்களுக்கு இவை போட்டி என்று சொல்லி என்னை வருத்தப்படச் சொன்னார்கள். மாதக் கடைசியில் வெறும் கையோடு திரும்பிப் போகிறவர் அங்கே போய் முழு அட்டை வாங்கினால் எனக்குச் சந்தோஷம்தான். குறை என்னவென்றால், சீட்டில் இருக்கும் ஏழில் நாலு அங்கே கிடைக்கும், மூன்று இருக்காது. மூன்றுக்கு வேறு கடைக்கு அலைய வயதானவர்களால் முடியாது, அந்த மூன்று அப்படியே நின்றுபோகும். இன்னொன்று, மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறினால் எழுத்துத் தெரியாதவர்கள் குழம்புகிறார்கள். வெள்ளை மாத்திரை ராத்திரிக்கு, சிவப்பு காலையில் என்று பழகியவருக்குக் காலை மாத்திரை வெள்ளையாக வந்தால் இரண்டு வெள்ளையையும் சேர்த்துப் போட்டுவிடுவார். மலிவு மருந்து கொடுக்கும்போது கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்க அரை நிமிடம் ஆகும். நான் வரைந்து கொடுக்கிறேன்.

டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்ற ஒரே பதில்தான் உண்டு. "போன மாசம் எத்தனை நாள் மாத்திரை இல்லாம இருந்தீங்க? எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை வந்துவிடும். சீட்டில் அவசியமானவற்றை மேலே எழுதி ஒரு கோடு போட்டு, முடிந்தால் வாங்க வேண்டியவற்றைக் கீழே எழுதுங்கள். அந்தக் கோடு என்னைப் போன்றவர்களுக்கும் வழி காட்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. அப்பா அம்மாவிடம் போனில் "மருந்து சாப்டீங்களா?" என்று கேட்டால் "சாப்டாச்சு" என்றுதான் வரும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கடை பில்லை வாங்கிப் பாருங்கள். முப்பது நாளுக்கு எத்தனை மாத்திரை வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணினால் போதும். முடிந்தால் கடையில் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, பில்லை நேரே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே பல பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள். அந்த வீடுகளுக்கு மாதக் கடைசியிலும் முழு அட்டைதான் போகிறது.

காசு தட்டுப்பாட்டால் மருந்தை விடும் நிலைமையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் பழைய நிலைக்கு வருவதோடு நிற்காது, அதைவிட மோசமாகப் பாயும். வலிப்பு மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் டாக்டர் சொல்லும் வரை விடாதீர்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர், இதய மாத்திரைகளையும் குளோனிடினையும் சட்டென்று நிறுத்தினால் பிரஷரும் இதயத் துடிப்பும் எகிறும். நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டைப் 1 சுகர் உள்ளவர்களுக்கு இன்சுலின் சில நாள் நின்றால் உயிருக்கே ஆபத்து. இவற்றில் எது தீரப் போகிறது என்றாலும், தீருவதற்கு மூன்று நாள் முன்னால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அல்லது உங்கள் ஊர் மருந்துக் கடைக்காரரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எங்கள் எல்லாருடைய கடையிலும் கடன் நோட்டு உண்டு. அதில் இந்த மருந்துகளுக்கு இடம் இல்லை என்று சொல்லும் கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.